கீழத்தெருவைத் தூக்கிய ஆயில்

கருங்காலிக்குளத்தின் கீழத்தெரு தரையை விட்டு இடுப்பளவு எழும்பி நின்ற வருஷத்தைப் பற்றிப் பேசும்போது, அது அம்மன் செயல் என்று சொன்னவர்களும் உண்டு, கரிசல் மண் வெயிலில் உப்பித் தள்ளியது என்று சொன்னவர்களும் உண்டு; ஆனால் டிராக்டர் ஓட்டிய உச்சிமாகாளியைக் கேட்டால், ஆயில் மாற்றினேன், பில்டர் மாற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை என்பாள், அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது, ஏனென்றால் நடந்துபோனதை விளக்குவதைவிட இனி நடக்க வேண்டியதற்குச் சண்டை போடுவதுதான் அவளுக்குப் பிடித்த வேலை.

டிராக்டர் அவளுடையதல்ல. மேலத்தெரு குருவையாவுடையது. ஊர் ஆண்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட, பெண்களுக்கான இலவசப் பயிற்சியில் லைசென்ஸ் எடுத்த ஒரே ஆள் என்று உச்சிதான் மிச்சம் இருந்தாள், அதனால் அவளை வேலைக்கு வைத்தார். பொம்பளையை வைத்து ஓட்டுகிறீரே என்று கேட்டவர்களுக்கு, "வண்டிக்குத் தெரியவா போவுது?" என்று பதில் சொன்னார். கீழத்தெருவில் எல்லோரும் அவரை மொதலாளி என்று கூப்பிட, அவள் மட்டும் அண்ணாச்சி என்பாள். அது அவருக்குக் காதில் எறும்பு போனது மாதிரி இருக்கும். பலசரக்குக் கடைக்காரரையும் ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது, எதைச் சொல்லி அதட்டுவது என்று தெரியாமல் அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்.

உச்சியின் வீடு கீழத்தெருவின் கடைசி வீடு. மேலத்தெருவின் மழைத்தண்ணீரும் குளித்த தண்ணீரும் மாட்டுக்கொட்டகைத் தண்ணீரும் சரிவு பார்த்து இறங்கி, தெரு முழுவதையும் தொட்டுக்கொண்டு, கடைசியில் அவள் வீட்டு நடுவில் வந்துதான் ஓய்வெடுக்கும். போன ஐப்பசியில் முழங்கால் தண்ணீர். இந்த ஐப்பசியில் அவள் தங்கை மாடத்திக்குப் பேறுகாலம். தலைப்பிரசவம், அம்மா இல்லாத வீடு என்பதால் அக்காவிடம் வந்திருந்தாள். பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்துவிடும், அதைத் தூக்கிக்கொண்டு வந்து போட ஒரு காய்ந்த தரை வேண்டுமே என்பதுதான் உச்சிக்கு அந்த வருஷம் இருந்த ஒரே கவலை. மண்ணடித்துப் பார்த்தாள், வாசலில் கல் அடுக்கிப் பார்த்தாள். தண்ணீர் கல்லுக்கு மேலே ஒரு ஆள் மாதிரி கால் தூக்கி வைத்து உள்ளே வந்தது.

புரட்டாசி விதைப்புச் சமயத்தில் டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் மக்கர் பண்ணியது. கலப்பையைத் தூக்கினால் முக்கி முனகி எழும்பும், பாதியில் நடுங்கும், பிறகு வெட்கப்பட்டவள் மாதிரி தலையைக் குனிந்து இறங்கிவிடும். உச்சி ஆயில் தொட்டியின் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தாள். ஆயில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தது.

"தண்ணி கலந்துருக்கு அண்ணாச்சி. எங்க தெரு முனையிலதான ராத்திரி நிறுத்துதீங்க. உங்க தெருத் தண்ணி உங்க வண்டிக்குள்ளயே போயிருக்கு."

"லூஸ் ஆயில் டிரம்ல இருக்குல்லா, அதை மாத்தி ஊத்து. பில்டரை டீசல்ல அலசி உதறி மாட்டு. எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

"உங்கப்பா காலத்துல மாடுல்லா இருந்துச்சு? மாட்டுக்கு ஏது பில்டர்?"

"ஏட்டி, வாயைக் குறை."

"ரெண்டு பில்டர் இருக்கு அண்ணாச்சி. கம்பிச் சல்லடை ஒண்ணு, அதை அலசலாம். காகித பில்டர் ஒண்ணு, அதை அலசுனா அழுக்கு இன்னும் உள்ளதான் போவும். வடை மடிச்ச காகிதத்தைக் கழுவிக் காயப்போட்டு மறுபடி வடை மடிப்பீங்களா?"

குருவையா ஒரு நிமிஷம் வடையைப் பற்றி யோசித்துவிட்டு ஆயிலுக்குத் திரும்பினார். கியருக்குத் தொண்ணூறாம் நம்பர் ஆயில், லிஃப்ட்டுக்கு அறுபத்தெட்டு, பிரேக்குக்கு வேறு என்பது அவர் கணக்கு. அவள் விடவில்லை. இந்த வண்டியில் மூன்றுக்கும் ஒரே தொட்டி, பிரேக்கும் ஆயிலுக்குள்தான் முங்கிக் கிடக்கிறது, தொண்ணூறை ஊற்றினால் லிஃப்ட் திணறும், அறுபத்தெட்டை ஊற்றினால் பிரேக் கத்தும், மூன்றுக்கும் சேர்த்து என்றே ஒரு ஆயில் கேனில் விற்கிறது, வண்டியோடு வந்த புஸ்தகத்திலும் அதைத்தான் போட்டிருக்கிறது என்று வரப்பில் நின்று அடுக்கினாள்.

"எல்லாத்துக்கும் ஒண்ணேயா?" என்றார் குருவையா, மனசுக்கு ஒப்பாமல். "வெளங்குமா அது?"

மேகம் கூடிக்கொண்டிருந்தது, உளுந்து விதைக்க வேண்டியிருந்தது. "என்னத்தையாவது போட்டுத் தொலை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தெரு முனையில், உச்சி டிராக்டருக்கு அடியில் படுத்து வடிகுழாய்த் திருகைக் கழற்றினாள். காப்பி நிறத்தில் பழைய ஆயில் பேசின் பேசினாக வந்தது. திருகின் நுனியில் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது, அதை வழித்து எடுத்தாள். சல்லடையை டீசலில் அலசினாள், காகித பில்டரைக் கழற்றி எறிந்தாள், புதியதன் ரப்பர் வளையத்தில் விரலால் புது ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்கினாள், தேன் நிறத்தில் இருந்த ஆயிலைப் புனலை வைத்து நிதானமாக ஊற்றினாள், அளவுக்குச்சி பார்த்தாள், வண்டியைக் கிளப்பினாள். லிஃப்ட் சோதிக்க ஏதாவது பாரம் வேண்டும் என்று பார்த்தபோது, பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் வாசலில் பாதி மண்ணுக்குள் புதைந்துகிடந்த ஆட்டுரல் கண்ணில் பட்டது. சங்கிலி போட்டு லீவரை இழுத்தாள். ஆட்டுரல் சத்தமில்லாமல் எழும்பியது. போதும் என்று சங்கிலியைக் கழற்றினாள். ஆட்டுரல் இருந்த இடத்திலேயே நின்றது, இடுப்பு உயரத்தில், காற்றில்.

பொன்னுத்தாய் வந்து பார்த்தாள். ஆட்டுரலை ஒரு தட்டுத் தட்டினாள். "அடியில பெருக்கி எத்தனை வருஷமாச்சு," என்று சொல்லிவிட்டு விளக்குமாறு எடுக்கப் போனாள்.

அது அப்படித்தான் என்று கொஞ்ச நேரத்திலேயே புரிந்துபோனது. வண்டியோடு மாட்டியிருக்கிற வரைக்கும் கலப்பை கலப்பையாக ஏறும், இறங்கும். ஆனால் தூக்கிக் கழற்றிவிட்ட எதுவும் பிறகு இறங்குவதில்லை. ஆட்டுரலில் மறுபடி சங்கிலி போட்டு வண்டியை முன்னால் இழுத்துப் பார்த்தபோது ஆட்டுரல் அசையவில்லை, டிராக்டரின் முன்சக்கரம்தான் தரையை விட்டுக் கிளம்பியது. லிஃப்ட்டுக்குத் தூக்கத்தான் தெரியும், இறங்குவது பாரத்தின் சொந்த வேலை. இறங்க வேண்டாம் என்று பாரமே முடிவு செய்துவிட்டால் ஆயிலால் என்ன பண்ண முடியும்?

பொன்னுத்தாய்தான் முதலில் கேட்டாள். "ஏளா உச்சி, உரலைத் தூக்குனவ வீட்டைத் தூக்க மாட்டியா?"

நியாயமான கேள்வி. மறுநாள் உழவு முடிந்து வரும்போது உச்சி டிராக்டரைப் பின்பக்கமாக ஓட்டி, லிஃப்ட் கைகளை வாசற்படிக்குக் கீழே கொடுத்து லீவரை இழுத்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவள் கையூன்றி எழுந்திருப்பதுபோல் வீடு எழுந்தது, அடுப்பில் இருந்த குழம்பு கூடத் தளும்பவில்லை. அதற்கடுத்த நாள் இரண்டு வீடு. அப்புறம் வரிசையாக எல்லோரும் கேட்டார்கள், அவளும் வரிசையாகத் தூக்கினாள், தன் வீட்டை மட்டும் விட்டுவிட்டு.

"ஊரு வீட்டையெல்லாம் தூக்குதே. நம்ம வீட்டுக்கு என்னக்கா கேடு?" என்று மாடத்தி கேட்டாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

"மொத நம்ம வீட்டைத் தூக்கியிருந்தா, அண்ணாச்சி வண்டியை அவ சொந்தக் காரியத்துக்கு எடுத்தான்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. நான் எந்த வாயை வச்சுப் பேச?"

"அப்போ உன் வாயில கொண்டுபோயா நான் பிள்ளையைப் போட?"

அப்போதும், தன் வீடு தரையில் இருந்தால்தான் பேச்சில் தன் கை ஓங்கியிருக்கும் என்ற எண்ணத்தை அவளால் விட முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வானம் கருத்துக்கொண்டிருந்தது.

எழும்பிய தெரு எழும்பிய வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டது. வாசலில் ஏறப் பழைய டயரும் உடைந்த அம்மியும் போட்டார்கள். கோலத்தை எங்கே போடுவது என்று பெண்களுக்குள் இரண்டு கட்சி ஆனது. கடைசியில் வீட்டு நிழலுக்குள், தரையில் போடுவது என்று தீர்ந்தது, அங்கே மிதிக்க ஆளில்லாததால் ஒருமுறை போட்ட கோலம் அழியாமல் கிடந்தது. ஆடுகள் அடியில் படுத்தன. மின்வாரியத்து ஆள் வந்து, தொய்ந்துபோன வயர்களை இழுத்துக் கட்டிவிட்டு, மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார். தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, பாடையை யாரும் குனிந்து தூக்க வேண்டியிருக்கவில்லை. எழும்பிய தரையும் பாடை வைத்த பெஞ்சும் சேர்ந்து தோளுக்கு வாகாக இருந்தன, அவர் நேராகத் தோளுக்கே வந்தார், இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

குருவையாவுக்கு முதலில் பெருமைதான். என் வண்டி, என் ஆயில் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னார். ஒருநாள் அவர்களுக்குக் காட்ட என்று கீழத்தெருவுக்குள் நடந்தபோதுதான் விஷயம் அவருக்குப் புரிந்தது. வழக்கமாக அவர் தெருவுக்குள் வந்தால் கட்டிலில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அன்றும் நின்றார்கள். எழுந்து நின்றபோது அவர்கள் முழங்கால் அவர் மூக்குக்கு நேராக வந்தது. பதறிப்போய் உட்காருங்க, உட்காருங்க என்றார். மறுபடி கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார்கள், பாதங்கள் அவர் வயிற்றுக்கு நேரே ஆடின. மரியாதை தெரிந்த ஒரு கிழவர், வேறு வழி தெரியாமல், வாசல் கட்டிலில் குப்புறப் படுத்துப் பார்த்தார். அப்போதும் அவர் முகம் குருவையாவின் முகத்துக்கு எதிரே, சமமாக, மிகவும் பக்கத்தில் இருந்தது. குருவையா மேற்கொண்டு நடக்காமல் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மேலத்தெரு கூடியது. உச்சியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"கீழத்தெரு எப்படி மேல இருக்கும்?" என்று குருவையா கேட்டார்.

உச்சிக்கு இது கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. ஏனென்றால் போன வருஷம்தான், இந்தத் தெருப் பெயர்கள் எங்களைத் தாழ்த்துகின்றன, மாற்றுங்கள் என்று கீழத்தெருக்காரர்கள் கிராமசபையில் கேட்டபோது, இதே குருவையா எழுந்து, மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு, இது தமிழ், இதில் ஏற்றமுமில்லை இறக்கமுமில்லை, சந்தேகம் இருந்தால் சூரியனைக் கேளுங்கள் என்று பேசிக் கைதட்டு வாங்கியிருந்தார்.

"கீழன்னா கிழக்குன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீங்க? தெரு கிழக்கதான் இருக்கு. ஒரு அடி மேற்க நகந்திருந்தா சொல்லுங்க, இழுத்து விடுதேன்."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். இன்னொருவர் செருப்பைப் பார்த்தார். கடைசியில், சரி, அப்படியானால் எங்கள் தெருவையும் தூக்கு என்றார் குருவையா. அவள் உடனே சம்மதித்தாள். நாளைக்கே வாரேன், உங்க வீட்டுல இருந்து ஆரம்பிக்கேன் என்றாள்.

"எவ்வளவு உயரம் தூக்குவே?"

"லீவரு போற உயரம்தான். எல்லாருக்கும் இடுப்பளவு."

"அதே உயரமா?"

"அதே உயரம்."

ஒரு முழமாவது கூட வேண்டாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு சாண் என்று இன்னொருவர் இறங்கி வந்தார். லிஃப்ட்டுக்கு முழமும் தெரியாது சாணும் தெரியாது என்று உச்சி சொன்னாள். அவர்களுடன் சமமாக அந்தரத்தில் நிற்பதற்குத் தரையிலேயே கிடந்து சாகலாம் என்று குருவையா எழுந்து போய்விட்டார்.

தரையிலேயே இருக்க அவருக்கும் மனம் வரவில்லை. கோவில்பட்டியிலிருந்து ஜெபமணி மெக்கானிக்கைக் கூட்டிவந்தார், கூடவே இருப்பதிலேயே கெட்டியான ஆயில் ஒரு டின்னும். இப்போது உள்ளே இருக்கிற ஆயிலை வடித்துவிட்டால் கீழத்தெரு தானாக இறங்கிவிடும், கெட்டி ஆயிலை ஊற்றினால் மேலத்தெரு இன்னும் ஒரு முழம் உயரும் என்பது அவர் திட்டம். கெட்டி ஆயில் உயரமாகத் தூக்கும் என்று யார் சொன்னது என்று ஜெபமணி ஒருமுறை கேட்டுவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

செய்தி தெருவுக்குப் போனபோது கீழத்தெருவே வாசலுக்கு வந்து நிலைக்கதவுகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆயில் வடிந்தால் வீடு விழுமா, மெதுவாக இறங்குமா, இறங்கினால் அடியில் கிடக்கிற ஆடுகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மேலத்தெரு எதிரே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வண்டி தெரு முனையில், உச்சியின் வீட்டுக்கு எதிரில் நின்றது. மாடத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள்.

"வடிச்சு விடு," என்றார் குருவையா.

உச்சி திருகுசாவியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"இரு தாயி," என்றார் ஜெபமணி. "வண்டி சூடேறாம பச்சையா நிக்கி. ஆயில் சூடா இருந்தாத்தான் முழுசா வடியும். இல்லன்னா பாதி உள்ளயே ஒட்டிக்கிடும், புது ஆயிலோட கலந்து நுரைச்சுப் போவும். கிளப்பி, லிஃப்ட்டைக் கொஞ்சம் வேலை வாங்கு."

உச்சி நிமிர்ந்தாள். "சும்மா ஏத்தி இறக்குனா சூடாகுமாண்ணே?"

"ஆகாது. பாரம் வேணும். நல்ல பாரம்."

"கலப்பை?"

"கலப்பை எந்த மூலைக்கு? அதைவிடப் பெருசா எதாவது."

உச்சி திருகுசாவியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். குருவையா பக்கம் திரும்பி, இதுவரை அவரிடம் பேசாத ஒரு மரியாதையோடு, "உங்க வீட்டைத் தூக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"அதே உயரத்துக்கா? வேண்டவே வேண்டாம்!"

"மேலத்தெருவுல வேற யாரு வீட்டையாவது?"

மேலத்தெரு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"அப்போ தரையில மிச்சம் கிடக்க பாரம் ஒண்ணே ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு உச்சி வண்டியில் ஏறி, கிளப்பி, பின்பக்கமாகத் தன் வீட்டுக்கு ஓட்டினாள்.

"ஏட்டி, ஏட்டி!" என்றார் குருவையா.

"ஆயிலு சூடாகணும்ல," என்றார் ஜெபமணி.

"ஏக்கா, என்னத்தச் செய்யுதே?" என்று உள்ளிருந்து மாடத்தியின் குரல்.

"ஆயில் சூடாக்குதேன். நீ தூணைப் பிடிச்சுக்கோ."

லீவரை இழுத்தாள். வீடு எழுந்தது. போன ஐப்பசியின் தண்ணீர்க்கறை சுவரில் கோடாக இருந்தது, அந்தக் கோடு ஏறி வந்து குருவையாவின் கண்ணுக்கு நேரே நின்றது. எறும்புகளும் இரண்டு தேரைகளும் இருந்த ஈரமான ஒரு சதுரம் தரையில் தெரிந்தது. உச்சி வண்டியை முன்னால் எடுத்து நிறுத்தினாள், இறங்கினாள், ஜெபமணி தொட்டியைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டியதும் அடியில் படுத்துத் திருகைக் கழற்றினாள். ஆயில் சூடாக, தேன் நிறத்தில், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடிந்தது. கீழத்தெரு கீழே பார்த்தது. மேலத்தெரு மேலே பார்த்தது. ஒரு வீட்டில் கோழி ஒன்று வாசலுக்கு வந்து, எல்லோரையும் பார்த்துவிட்டு, உள்ளே போனது.

எதுவும் இறங்கவில்லை.

"இறக்குட்டி," என்றார் குருவையா. "உன் வீட்டையாவது இறக்கு."

"எதை வச்சு அண்ணாச்சி?" டிராக்டருக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "ஆயிலு பூரா பேசன்ல கிடக்கு."

கெட்டி ஆயிலை ஊற்றினார்கள். லிஃப்ட் கலப்பையைக்கூடத் தூக்காமல் முனகியது. அப்புறம் குருவையா பல ஆயில்களை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தார், கடைசியில் உச்சி முதலில் ஊற்றிய கேனைப் போலவே ஒன்றை வாங்கிவரச் சொன்னார். அதை ஊற்றியதும் லிஃப்ட் நன்றாகத்தான் வேலை செய்தது, எல்லா ஊர் லிஃப்ட்டையும் போல, தூக்கியதை இறக்கியது. உச்சியை வேலையைவிட்டு நிறுத்த வேண்டும் என்று அவர் பலமுறை நினைத்தார். உளுந்து விதைப்பு முடிந்து மக்காச்சோள விதைப்பு வந்தது, வேறு ஓட்டுகிற ஆள் வரவில்லை.

ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. மேலத்தெருத் தண்ணீர் வழக்கம்போலக் கிழக்கே இறங்கி, வீடுகளுக்கு அடியில் நுழைந்து, எந்த வீட்டையும் தொடாமல் ஓடையைப் பார்த்துப் போனது. மாடத்திக்குப் பெண் பிறந்திருந்தது. ஆஸ்பத்திரி வேன் தெருவின் மேற்கு முனையைத் தாண்டி வர மாட்டேன் என்று நின்றுவிட, பொன்னுத்தாய் மாடத்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வீட்டில் ஏற்றினாள், உச்சி முழங்கால் தண்ணீரில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். வாசலுக்கு வந்ததும் கைகளை உயர்த்திப் பிள்ளையைத் தங்கையிடம் நீட்டினாள். பிறகு தான் ஏறினாள். ஏறியவள் உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்து, சேலை முந்தானையை எடுத்து, இரண்டு கால்களையும் விரல் இடுக்கு உட்பட நன்றாகத் துடைத்துக்கொண்டாள், தரை நனைந்துவிடக் கூடாது என்று.